விரதத்தில் உடைத்த முட்டை

முதலில் இருமியது என் மகளா, கோழிகளா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மனிதச் சளி வேறு, கோழிச் சளி வேறு, ஒன்று மற்றதற்குத் தாவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கும் குழந்தை ஒரு தும்மல் போட்டால் என் காது தானாகக் கோழிக் கொட்டகைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

அன்று விளக்கு வைக்கும் நேரம். பகலெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து ஈரச் சோகையின் வாடை வந்தது. மலை உச்சியில் மேகம் இன்னும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

கௌரிக்குச் சில நாளாக இருமல். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் காதை வைத்துக் கேட்டேன். நெஞ்சுக்குள் ஏதாவது கரகரக்கிறதா என்று ஒரு நாளில் பத்து முறை கேட்பது அப்போது என் வழக்கம். ஒன்றும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. உலை கொதிக்கத் தொடங்கும்போது மூடி லேசாகத் தட்டுமே, அப்படி. குழந்தையின் முதுகில் மறுபடி காதை வைத்தேன். அங்கே இல்லை. சத்தம் கொட்டகையிலிருந்து வந்தது. பரணில் அடைந்துவிட்ட கோழிகள் இருட்டத் தொடங்கிய கொட்டகைக்குள் ஒன்று மாற்றி ஒன்று இருமிக்கொண்டிருந்தன.

யாருடைய கோழிகள்

மதராஸிலிருந்து கப்பலேறி இந்த மொரீஷியஸ் தீவில், லாங் மவுண்டன் என்ற மலையடிவாரத்து ஊருக்கு நான் மருமகளாக வந்து சேர்ந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். ஒரு வாசகி, "மாமியார் இல்லாத வீடா? கொடுத்து வைத்தவள்" என்று எழுதியிருந்தார். மாமியார் இல்லை. சிவகாமி அக்கா இருக்கிறார்.

அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. தாய் இறந்தபோது என் கணவர் கைக்குழந்தையாம். அக்காதான் தூக்கி வளர்த்தார், படிக்க வைத்தார், மதராஸ் கல்லூரிக்கும் அனுப்பி வைத்தார். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்கவில்லை. நினைக்க நேரம் இருந்ததா என்று நான் கேட்டதும் இல்லை.

இங்கே தமிழர் வீடுகளில் பேச்சு க்ரியோல்தான். அக்காவுக்குத் தெரிந்த தமிழ், உறவுமுறைகளும் கோயில் பாட்டும் சமையல் சாமான்களும். என்னோடு பேசுவதற்காக அந்தத் தமிழை இழுத்துப் பிடித்து, இடையிடையே க்ரியோல் போட்டு நிரப்புவார். நான் அதைச் சற்றே ஒழுங்கு செய்து எழுதுகிறேன். என்னை மட்டும் எப்போதும் 'பெல்சேர்' என்பார். தம்பி பெண்டாட்டிக்கு க்ரியோலில் அதுதான் பெயர்.

கௌரி பிறந்து சில மாதங்களில் என் கணவருக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. துறைமுகத்தில் அவர் கையை ஆட்டியது எனக்கு நினைவில்லை. அவர் சட்டைக் காலரின் ஒரு முனை மடங்கியிருந்ததும், அதைச் சரிசெய்ய என் கை எட்டாததும்தான் நினைவிருக்கிறது.

அவருக்குக் கோழிப் பைத்தியம். பின்கட்டில் ஏற்கெனவே முட்டைக் கோழிகள் இருந்தன. போவதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வெள்ளை ஜாதிக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். அவர் போய் நெடுநாள் கழித்து, துளை போட்ட அட்டைப் பெட்டியில் விமானத்தில் வந்து இறங்கின அவை. பஞ்சு உருண்டைகள். பெட்டியைத் திறந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ மாமா, இதுங்களுக்கு அம்மா இல்ல" என்றார். க்ரியோலில் மாமா என்றால் அம்மா.

"இவை முட்டையிடத் தொடங்கும் சமயத்துக்கு நானும் வந்துவிடுவேன்" என்று அவர் எழுதினார். நான் அதைப் படித்துச் சொன்னேன். அக்கா அதை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரிடமும் கோயில் ஐயரிடமும் ஒரே மாதிரி சொன்னார்: "இந்தக் குஞ்சுங்க முட்டை போட்டா என் தம்பி வந்துடும்."

இரண்டும் ஒன்றல்ல என்று நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் முட்டை

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பிறந்த வீட்டில் முட்டை கிடையாது. தெருவில் ஓடு கிடந்தால்கூட அம்மா சுற்றிக்கொண்டு போவாள். கல்லூரியில் நான் தவளையை அறுத்துவிட்டு வந்த நாளில், கிணற்றடியில் நிற்க வைத்து, மஞ்சளும் சீயக்காயும் கொடுத்து, "முழங்கை வரைக்கும் தேய்" என்றாள். தேய்த்தபின் முகர்ந்து பார்த்தாள். அந்த மூக்கு என் கையில் பட்ட ஈரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எத்தனை வருஷமாயிற்று அவளைப் பார்த்து.

எதிர் வீட்டில் கோழி வளர்த்தார்கள். ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்து அவர்கள் கொட்டகையே காலியாயிற்று. கழுத்து முறுக்கிக்கொண்டு கோழிகள் சுற்றிச் சுற்றி விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பின்னால் கல்லூரிப் புத்தகத்தில், நியூகாசில் நோய் என்ற ஆங்கிலப் பெயரில் அதையே படித்தேன்.

லாங் மவுண்டன் வீட்டில் முட்டை உண்டு. அக்கா சமைப்பார், சாப்பிடுவார். கௌரிக்கும் ஊட்டுவார். நான் தொட்டதில்லை. உடைத்ததே இல்லை. கொட்டகையில் முட்டை பொறுக்குவதும் அக்கா வேலைதான்.

கோழிகள் இருமத் தொடங்கிய சமயம் அக்காவும் முட்டை சாப்பிடாத காலம். தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் காவடி இறங்கும்வரை மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. பாத்திரங்களைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துத் தனியாக வைப்பார்கள். அந்த வருஷம் அக்கா தம்பி நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். நானும் கூடவே விரதம் இருந்தேன்.

கோழி டாக்டர்

முதலில் இரண்டு குஞ்சுகள் செத்தன. கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, காற்றை எட்டிப் பிடிப்பது போல் மூச்சு வாங்கி, அப்படியே சாய்ந்தன. அக்கா சூடான சாம்பலும் மஞ்சளும் கலந்து வைத்தார். சாம்பிராணி போட்டார். புகையில் அவை இன்னும் இருமின. மறுநாள் மேலும் சில போயின.

"பெல்சேர், இது லாக்ரிப்பு. கௌரிக்கு வந்த அதே லாக்ரிப்பு" என்றார் அக்கா. குளிர்காய்ச்சலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. கௌரியை நான் கொட்டகைக்குத் தூக்கிப் போய்க் குஞ்சு காட்டியிருக்கிறேன். அவள் பெட்டியின் மேல் குனிந்து சிரித்துச் சிரித்து இருமியிருக்கிறாள். அதற்கு முன்பே குஞ்சுகள் இருமிக்கொண்டிருந்தனவா? ஞாபகம் வரவில்லை.

அரசாங்கக் கால்நடை டாக்டரை நான்தான் வரவழைத்தேன். பெயர் டாக்டர் செல்லேன். பெயர் தமிழ்ப் பெயர், கழுத்தில் சிலுவை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம். தமிழில் ஒரு சொல் தெரியாது. க்ரியோலில் அக்காவோடும் ஆங்கிலத்தில் என்னோடும் பேசினார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேர் நம்ம பேர், சாமி மட்டும் வேற சாமியா?" என்றார்.

"கோழிகளிடம் நான் எந்தச் சாமி என்று கேட்பதில்லை, அக்கா. அவையும் என்னைக் கேட்பதில்லை" என்றார் அவர். 'அக்கா' மட்டும் அழகாகச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டார்.

செத்த குஞ்சு ஒன்றை வேப்பங்குச்சி நீளமுள்ள கத்தரியால் திறந்து மூச்சுக்குழலைக் காட்டினார். உள்ளே தயிர்க்கட்டி போல் ஒன்று அடைத்திருந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஆரம்பத்தில் இரண்டு நோய்கள் இப்படி இருக்கும். இரண்டும் மூச்சைப் பிடிப்பவை, இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வைரஸ். ஒன்று நியூகாசில். இன்னொன்று மூச்சுக்குழல் அழற்சி. இரண்டாவது என்றால் சில சாகும், மிச்சம் பிழைக்கும். முதலாவது என்றால் நான் எதையும் விட்டுவைக்க முடியாது."

"எதையும் என்றால்?"

"உங்கள் கோழிகள், குஞ்சுகள், பக்கத்து வீட்டுக் கோழிகள். கொன்று, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் ட்ரியோலே ஊர் வரைக்கும் ஒரு கோழி மிஞ்சாது."

அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பி க்ரியோலில் கேட்டார்: "பெரிய கோழிகள் முட்டை போடுகின்றனவா? கோணலாக, சுருக்கமாக, தோல் முட்டையாக ஏதாவது வந்ததா?"

அக்கா தலையை ஆட்டினார். "நோன், மிஸ்யே. இல்லீங்க ஐயா, முட்டையே இல்ல. நின்னுபோச்சு."

"அடியோடு?"

"அடியோடு."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. திடீரென்று முட்டை அடியோடு நிற்பது நல்லதில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஆய்வுக்கூடத்துக்குச் செத்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்து ஒரு இறகுகூட வெளியே போகக்கூடாது, முடிவு தெரியும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருப்பேன், மோசமாகத் தோன்றினால் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புல்லடியில்

இருமலுக்கு இங்கே எலுமிச்சம்புல் கஷாயம் கொடுப்பார்கள். கௌரிக்காக ஒரு காலை பின்கட்டில் புல் அறுக்கப் போனேன். ஒரு தூரைப் பிடித்து இழுத்தபோது மண் லகுவாக வந்தது. யாரோ புதிதாகக் கிளறிய மண். உள்ளே ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது.

விரலால் தோண்டினேன். முட்டை. ஆனால் முட்டை போலவே இல்லை. பிழிந்து காயப்போட்ட துணியின் சுருக்கங்கள் போல ஓடு முழுக்க மடிப்பு. பக்கத்தில் இன்னொன்று, ஒரு முனை சப்பையாக. இன்னொன்றுக்கு ஓடே இல்லை, வெறும் தோல்.

பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"மூடு அதை" என்றார்.

"அக்கா, முட்டை நின்னுபோச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே."

"மூடுன்னு சொல்றேன்."

"ஏன் புதைச்சீங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். பிறகு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"கொடி ஏறின மறுநாள்லேருந்து இப்படித்தான் வருது. ஒண்ணுகூட நேரா வரல. நான் என்ன தப்பு பண்ணினேன் பெல்சேர்? பாத்திரம் தேய்ச்சேன். பாயில படுத்தேன். ஒரு வேளைதான் சாப்பிடறேன். தம்பிக்காகத்தானே எடுக்கறேன்? சாமி வேணாங்குது. என் காவடி வேணாங்குது. இதை நான் யாருக்குக் காட்டுவேன்? அந்தச் சிலுவைக்காரருக்கா?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் அவரும் ஒரே மனிதருக்காகத்தான் காத்திருந்தோம். நான் கடிதத்தை எதிர்பார்த்தேன். அவர் கோழியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காத்திருப்பு என்னுடையதைவிடப் பழையது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, டாக்டர் கேட்டதே இந்த முட்டையைத்தான். கோணல் முட்டை வருதான்னு கேட்டார். நின்னுபோச்சுன்னு நீங்க சொன்னதுனாலதான் அவர் முகம் மாறிச்சு. இது வருதுன்னா, ஒருவேளை மத்த நோயா இருக்கலாம். குஞ்சுங்க பிழைக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் படித்தது பாதி மறந்திருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு பற்றி ஏதோ உண்டு என்பது மட்டும் நினைவு. "உடைச்சுப் பார்க்கணும்" என்றேன்.

"கொடி ஏறியிருக்கு."

"தெரியும்."

"நான் உடைக்க மாட்டேன். நீ உடைக்கறதுன்னா வெளியில உடை. குழாயடியில. நீயும் விரதம்தான், மறந்துடாதே."

மறக்கவில்லை. எங்கள் அம்மாவையும் மறக்கவில்லை. விரதம் முறிந்தால், அது யாருக்காக இருந்த விரதமோ அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று படித்தவளான எனக்கே தோன்றியது. பழைய எனாமல் தட்டு ஒன்றை எடுத்தேன். கொட்டகைக் கூட்டில் அன்று காலை வந்திருந்த சுருக்க முட்டை ஒன்றை எடுத்தேன். எப்படி உடைப்பது என்று தெரியாமல் தட்டின் விளிம்பில் லேசாகத் தட்டினேன். பிறகு பலமாகத் தட்டினேன்.

வெள்ளை தண்ணீராய் ஓடித் தட்டின் விளிம்பைத் தொட்டது. மஞ்சள் மட்டும் நடுவில் தனியாக நின்றது.

முட்டை இப்படித்தான் இருக்குமா? எனக்கு எப்படித் தெரியும்!

வேலிக்கு அந்தப் பக்கம் மதாம் ரோஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்துப் பிள்ளை பெற்றவள், எந்தக் கோயிலுக்கும் விரதம் இருக்காதவள். அவளும் பயந்துதான் போயிருந்தாள். எங்கள் கோழி போனால் அவளுடையதும் போகும். தட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அம்மா மரியே! இது முட்டையா, சூப்பா?"

"உங்க முட்டை எப்படி இருக்கும், மதாம்?"

அவள் உள்ளே போய் ஒரு முட்டையும் தட்டும் கொண்டுவந்து, ஒரே கையால் படக்கென்று உடைத்துக் காட்டினாள். வெள்ளை கெட்டியாக மஞ்சளைச் சுற்றி மேடாக நின்றது. தட்டைச் சாய்த்தாள். நகர மறுத்தது.

"இதுதான் முட்டை. உன் பூல் முட்டை போடல, ஒண்ணுக்குப் போகுது" என்றாள்.

குழாயடியில் நின்ற அக்கா, எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பூல் என்றால் க்ரியோலில் கோழி. எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் சங்கடப்படுவார்கள். நானும் முதலில் சங்கடப்பட்டேன். பழகிவிட்டது.

வாசலில் வண்டி

மறுநாள் டாக்டர் வந்தபோது பின்னால் ஒரு வண்டி. மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். சுண்ணாம்பு மூட்டைகள். அக்கா கொட்டகைக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டார்.

நான் முட்டைகளை ஒரு முறத்தில் வைத்து டாக்டர் முன்னால் நீட்டினேன். சுருக்கம், சப்பை, தோல். ஒன்றை உடைத்தும் காட்டினேன். பழக்கமில்லாததால் பாதி அவர் செருப்பில் சிந்தியது.

அவர் அக்காவைப் பார்த்தார். "நின்னுபோச்சு என்றீர்களே?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "காவடி, மிஸ்யே" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் முறத்திலிருந்த முட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு கோழியாகக் கழுத்தைத் தடவினார். எச்சத்தைப் பார்த்தார். வெளியே வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒன்றுக்கும் கழுத்து முறுக்கவில்லை. பெரியவை இருமுகின்றன, ஆனால் தின்கின்றன. முட்டை நிற்கவில்லை, கெட்டிருக்கிறது. முட்டை நின்றது என்று எழுதியதை நான் அடித்துவிடுகிறேன். ஆய்வுக்கூடம் சொல்லும்வரை பொறுக்கிறேன்."

வண்டி திரும்பிப் போயிற்று. சுண்ணாம்பு மூட்டை ஒன்றை மட்டும் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதைத் தாண்டித்தான் நாங்கள் நடமாடினோம்.

கண்ணாடிக் கிண்ணங்கள்

காவடிக்கு முந்திய நாள் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. "விலங்கியல் படித்தவள் என்றீர்களே, வந்து நீங்களே பாருங்கள்."

குளித்து, உடை மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் ஸ்பிரிட் வாடை. கல்லூரியின் நீண்ட மேசையும், பக்கத்தில் நின்று சிரிக்கும் தோழிகளும், மாலையில் மழையில் நனைந்து விடுதிக்கு ஓடியதும் ஒரே மூச்சில் வந்தன. அந்தப் பெண் யாரோ என்று இருந்தது.

டாக்டர் விளக்கினார். செத்த குஞ்சின் மூச்சுக்குழலை அரைத்து வடிகட்டி, கரு வளரும் முட்டைக்குள் ஊசியால் ஏற்றியிருந்தார்கள். உயிருள்ள இடத்தில்தான் வைரஸ் பெருகும். அந்த முட்டையின் நீரை எடுத்து அடுத்த முட்டை, அதிலிருந்து அடுத்தது. ஒவ்வொரு முறையும் அந்த நீரைக் கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

"நியூகாசில் என்றால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் சல்லாத்துணி போல் விரியும்" என்றார். சிறு கண்ணாடிக் கிண்ணங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் அணுக்கள் அடியில் சிவப்புப் பொத்தானாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட விரியவில்லை.

பிறகு இரண்டு முட்டைகளைத் திறந்தார். ஒரே வயதுக் கருக்கள். ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. மற்றது அதில் பாதிகூட இல்லை. பந்தாகச் சுருண்டு, பாதம் தலைமேல் மடங்கிக் கிடந்தது.

"இதுதான் மூச்சுக்குழல் அழற்சியின் கையெழுத்து. உங்கள் கோழிகள் பிழைத்தன" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சுருண்ட கருவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கௌரி தூங்கும்போது அப்படித்தான் சுருண்டுகொள்வாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பெரிய கோழிகள் தேறிவிடும். குஞ்சுகள் விஷயம் வேறு. அத்தனை இளம் வயதில் இந்த நோய் பட்டால் சில பெட்டைகளுக்கு முட்டைக்குழாய் வளராமலே போய்விடும். பார்க்க நல்ல கோழியாக இருக்கும். கொண்டை சிவக்கும். கூட்டில் போய் உட்காரும். எழுந்து வரும். முட்டை இருக்காது.

"எத்தனைக்கு அப்படி ஆகும்?"

"அது அவை வளர்ந்தபின்தான் தெரியும். சிலதுக்கும் ஆகலாம், எல்லாவற்றுக்கும் ஆகலாம். உங்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்."

சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அக்கா சுண்ணாம்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பிழைச்சுதா?" என்றார். பிழைத்தன என்றேன். "பொந்தியே! முருகா!" என்று இரண்டு சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

மறுநாள் அக்கா, டாக்டர் சொல்லியனுப்பியபடி வாசலில் சோடா உப்புத் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு, ஆற்றில் முழுகி, வெறுங்காலோடு காவடி தூக்கினார். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கௌரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் பாதம் படும் இடத்தில் ஊற்றிக்கொண்டே போனேன். அவர் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்ல?

இப்போது

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. வெள்ளை வெளேரென்று, கொண்டை சிவந்து, கொழுகொழுவென்று இருக்கின்றன. பார்ப்பவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். முட்டையிட வேண்டிய வயது வந்து, அதுவும் தாண்டிவிட்டது. பழைய கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன. இவை இடவில்லை. ஒன்றுகூட இடவில்லை.

ஆனால் கூட்டுக்குப் போகின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஒவ்வொன்றாகப் போய், கரும்புச் சோகையைக் காலால் ஒதுக்கி, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்கின்றன. நெடுநேரம் கழித்து எழுந்து, முட்டையிட்ட கோழி கொக்கரிப்பது போலவே கொக்கரிக்கின்றன.

அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார். கூட்டுக்குள் கையை விடுகிறார். பிறகு சமையற்கட்டு வாசலில் வந்து நின்று என்னிடம் சொல்கிறார்: "இன்னிக்கு சோகை சூடா இருக்கு பெல்சேர். நாளைக்குப் போடும்."

வருஷக் கடைசியில் கப்பல் என்று என் கணவர் எழுதியிருக்கிறார். நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா தலையை ஆட்டினார். ஆனால் முட்டை இன்னும் வரவில்லையே என்று அவர் மனது கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. அவர் மட்டுமா? ஒரு வாரம் கடிதம் தாமதமானால் நானும் கூட்டைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

இந்தப் பத்திரிகை எனக்குக் கப்பலில்தான் வரும். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அதுவும் பாட்டுப் புத்தகத்தில். ஆகையால் துணிந்து கேட்கிறேன்.

உங்களில் கோழி வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். குஞ்சுப் பருவத்தில் இந்தச் சளி பட்டுப் பிழைத்த கோழி, காலம் தாழ்த்தியாவது முட்டையிட்டதை நீங்கள் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? ஒரே ஒரு கோழி, ஒரே ஒரு முட்டை போதும். தீவனத்தில் எதையாவது சேர்க்க வேண்டுமா? இல்லை, அது நடக்கவே நடக்காது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்படியானால் அக்காவிடம் நான் எந்தச் சமயத்தில், எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் கூட்டுக்குள் கையை விடுவதற்கு முன்பா, விட்டு எடுத்த பிறகா?